தலைவர்: க. மலர்கொடி

பெரம்பலூர்
12.06.2025

மலர்கொடி அக்காவுக்கு,

ஷைனி எழுதுகிறேன். மறந்திருக்க மாட்டீர்கள். வரதராஜன்பேட்டை இருதயநாதன் மகள். நீங்கள் வேலை பார்க்கிற முந்திரிக் கம்பெனியில் தரம் பிரிக்கிற மேசையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தவள். போன மாதம் டிபன் பாக்ஸில் பருப்புத் திருடினாள் என்று கேட்டில் நிறுத்தி, எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பப்பட்டவள்.

போன் பண்ணாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். என் நம்பருக்கு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். எடுத்தால் பேசுவதில்லை, மூச்சு மட்டும் விடுகிறார்கள். அணைத்துப் போட்டுவிட்டேன். உங்கள் போனை உங்கள் வீட்டுக்காரர் கண்ணையன் அண்ணன் தினமும் வாங்கிப் பார்ப்பார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் வளர்மதி டெய்லர் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். சின்ன முதலாளி தமிழழகன் மேல் நான் கொடுத்த மனுவை அங்கே ஒரு குழு விசாரிக்கிறது. கம்பெனி அனுப்பிய பதில் என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டினார்கள். அதில் கம்பெனியின் உள் புகார்க் குழு நோட்டின் நகல் இருந்தது. மே மாதப் பக்கத்தில் ‘இம்மாதம் புகார் எதுவும் வரப்பெறவில்லை. பொருள் திருடியதற்காகப் பணியாளர் ஷைனி எச்சரிக்கப்பட்டார்’ என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்து. தலைவர், க. மலர்கொடி.

அக்கா, மே ஆறாம் தேதி, தோல் உரிக்கிற கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் என் புகாரை உங்கள் கையில் கொடுத்தேன். புகார்க் குழு என்று சுவரில் இருந்த பலகையில் உங்கள் பெயரைப் பார்த்துத்தான் உங்களைத் தேடி வந்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினீர்கள். மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தீர்கள். “நான் பாத்துக்கிறேன், நீ அழுவாத” என்றீர்கள். நாலே நாளில் என் டிபன் பாக்ஸில் பருப்பு முளைத்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் எப்படிக்கா கையெழுத்துப் போட்டீர்கள்?

ஜூலை 22 அடுத்த விசாரணை. உங்களையும் கூப்பிடுவார்கள். ‘ஆமாம், புகாரை என்னிடம்தான் கொடுத்தாள்’ என்று நீங்கள் சொன்னால் நான் பிழைத்தேன். சொல்லாவிட்டால் திருடி, பொய்க்காரி என்கிற இரண்டு பட்டத்தோடும் நான் காலம் தள்ள வேண்டியதுதான். எனக்கு வேறு சாட்சி கிடையாது.

பதில் போடுங்கள். நான் தங்கியிருக்கிற பெண்கள் விடுதியின் விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

ஷைனி

*

உடையார்பாளையம்
20.06.2025

அன்புள்ள ஷைனிக்கு,

மலர்கொடி எழுதுவது. இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வந்துவிட்டது. உனக்கு அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

வளர்மதி கடையில் திரைக்குப் பின்னால் நின்று உன் கடுதாசியைப் படித்தேன்.  நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எதற்குத் தலைவர் என்பதே எனக்குத் தெரியாது, சத்தியமாக. ஜனவரியில் ஆபீசர் வரப்போகிறார் என்று சுவரெல்லாம் வெள்ளையடித்தார்கள், ஞாபகம் இருக்கும். அன்றைக்குத்தான் அந்தப் பலகையை மாட்டினார்கள். தலைக்கு மேலே உயரத்தில் மாட்டிவிட்டார்கள். என் கண்ணுக்கு என் பெயர் மட்டும்தான் தெரிந்தது. பொங்கலுக்குச் சேலை கொடுக்கிற பட்டியல் என்று பக்கத்தில் உட்காருகிற கலைமணி சொன்னாள். அவளுக்குப் படிக்க வராது, ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் சொல்வாள். சேலை ஏன் வரவில்லை என்று நான் கிளார்க்கிடம் போய்க் கேட்கவே செய்தேன். அவர் சிரிசிரி என்று சிரித்துவிட்டு, “நீ தலைவராயிட்டக்கா, சேலையெல்லாம் சின்ன விசயம், இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்றார். நோட்டில் வரிசையாக வெறும் பக்கங்கள். பக்கத்துக்கு அடியில் போட்டேன். தனித் தாள்களும் கொடுத்தார், அதிலும் போட்டேன்.

நம் மகளிர் குழுவிலும் அப்படித்தானே நடக்கிறது. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எல்லாரும் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவோம். தீர்மானத்தை அவர்கள் பிறகு எழுதிக்கொள்வார்கள். பதினைந்து வருடமாக அப்படிப் போட்டுப் பழகிய கை இது. நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை.

நீ கொடுத்த காகிதம் குழாயடியில் தண்ணீர் பட்டு நைந்து போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்.

ஷைனி, உனக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என்னை இதில் இழுக்காதே. என் மகள் அபிநயாவின் அப்பா அந்தக் கம்பெனி வேன்தான் ஓட்டுகிறார். நாங்கள் குடியிருக்கிற வீடும் அவர்கள் தோப்பில்தான் இருக்கிறது. இனிமேல் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

மலர்கொடி

*

பெரம்பலூர்
26.06.2025

அக்கா,

தண்ணீர் பட்டு நைந்து போச்சா. என்ன தண்ணீர் அக்கா அது, சாப்பாட்டுப் பைக்குள் புகுந்து சோற்றை விட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் நனைக்கிற தண்ணீர்?

அதில் என்ன எழுதியிருந்தேன் என்று படித்தீர்களா? படிக்கவில்லை என்றால் இப்போது படியுங்கள். மூட்டை சரிபார்க்க வேண்டும் என்று தமிழழகன் ஸ்டாக் ரூமுக்குக் கூப்பிட்டான். உள்ளே போனதும் கதவைச் சாத்தினான். வெளியே கொட்டை உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவன் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடிவந்தேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை கதவு திறந்திருக்கும்போதே ஆரம்பித்தவன்தான். அந்த இரண்டு தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தேன். இப்போது வேலையும் போய்விட்டது.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “திருவிழா முடியட்டும், அதுவரைக்கும் பெரம்பலூர்ல இரும்மா” என்றார். திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வா என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். நாள் முழுக்க ‘என்ன பார்க்கிறீங்க’ என்று கேட்க வேண்டிய வேலை. ஆண்கள் யாராவது தனியாக உள்ளே வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அவனுடைய ஆளாக இருக்குமோ என்று பார்க்கிறேன். அறைக்கு வந்தால் கதவைத் தாழ் போட்டு, நாற்காலியை முட்டுக் கொடுத்து, அப்புறமும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். கூட இருக்கிற பெண் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாள்.

பயம் உங்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை.

அந்தக் காகிதம் எங்கே போனது? உண்மையைச் சொல்லுங்கள். விசாரணைக்கு வருகிறீர்களா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஷைனி

*

உடையார்பாளையம்
02.07.2025

ஷைனிக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மெஷின் சத்தம் கேட்கிறது. நான் அந்த மெஷினுக்கு நாற்பது அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், இல்லையா.

காகிதம் நனையவில்லை. நான் சொன்னது பொய்.

அன்றைக்குச் சாயந்திரம் அதை அபிநயா அப்பாவிடம் கொடுத்தேன். பெரிய முதலாளி நல்ல மனுஷன், அவர் காதில் போட்டால் மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். இவர் தினமும் வேன் சாவி வாங்க அவர் வீட்டுக்குத்தான் போவார். “பெரியவர் கையில மட்டும் குடுங்க, வேற யார்கிட்டயும் காட்டாதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தேன். இவர் அதைத் தமிழழகன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். “சம்பளம் குடுக்கறவன் யாரு, பெரியவரா? உனக்குப் பொழைக்கத் தெரியாது” என்றார்.

உன்னை எல்லாரும் கேட்டில் நிறுத்தி வைத்தபோது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பருப்பை உன் டப்பாவில் போட்டது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். எழுந்து வரவில்லை. கை பாட்டுக்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தது.

நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் விசாரணைக்கு வர என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை தமிழழகன் கொட்டகைக்கு வந்தான். எங்கள் வரிசையில் நின்று என் கையைப் பார்த்து, “மலர்கொடியக்கா மாதிரி வேலை செய்ய ஆள் உண்டா” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அப்புறம் குனிந்து மெதுவாக, “உங்க பொண்ணு பெரம்பலூர்லதான நர்சிங் படிக்குது? ஹாஸ்டல்ல எந்த ரூமுங்க்கா?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான்.

அபிநயா எனக்கு ஒரே பிள்ளை. நீயும் உன் அப்பாவுக்குப் பிள்ளைதான், தெரிகிறது. ஆனால் என் பிள்ளை என்று வரும்போது நெஞ்சு வேறு எதையும் கேட்க மாட்டேன் என்கிறது. என்னை மன்னிக்க வேண்டாம். விட்டுவிடு, அது போதும்.

மலர்கொடி

*

பெரம்பலூர்
07.07.2025

அக்கா,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கோபம் போகவில்லை. இருந்தாலும் நன்றி.

அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். என் கடிதத்தை வேறு யாராவது பார்த்தார்களா? சனிக்கிழமையில் இருந்து விடுதிக்கு எதிரே இருக்கிற ஜூஸ் கடையில் ஒரு ஆள் நிற்கிறான். சிவப்பு பைக். ஜூஸ் குடிப்பதில்லை. நான் கடைக்குப் புறப்பட்டால் வண்டியைக் கிளப்புகிறான், பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பின்னாலேயே வருகிறான். நான் இங்கே இருப்பது அப்பாவுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று. நீங்கள் கோபப்படுவீர்கள், பட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அபிநயாவைப் போய்ப் பார்த்தேன். எந்த அறை என்று அவன் கேட்டதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. “அம்மா போன்ல முந்திரி விலை, மழை இதத்தான் பேசுவாங்க” என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே போய் வார்டனிடம் சொன்னாள், யார் வந்து கேட்டாலும் தன்னை வெளியே அனுப்பக் கூடாது என்று. எனக்கு அந்தத் தைரியம் அவள் வயதில் இல்லை. அவளைவிட நாலு வயதுதான் மூத்தவள், இப்போதும் இல்லை.

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நீங்கள் வர முடியாது என்று எழுதியதைப் படித்தேன். படித்தும் கேட்கிறேன், வருகிறீர்களா?

ஷைனி

*

உடையார்பாளையம்
10.07.2025

அன்புடைய சகோதரி ஷைனி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இப்பிரச்சினையைச் சுமுகமாக முடித்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது எனக் கருதுகிறேன். இருப்பினும் தாங்கள் விரும்பினால் தங்களுக்குச் சாதகமாகச் சாட்சி கூறத் தயாராக உள்ளேன். அது குறித்து நேரில் பேச வேண்டியுள்ளது. வரும் 13.07.2025 ஞாயிறு மாலை 5 மணிக்குக் கீழப்பழுவூர் பேருந்து நிறுத்தத்துக்குத் தனியாக வரவும். அங்கு நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தங்களிடமுள்ள மனு நகல், இதர ஆவணங்கள் அனைத்தையும் தவறாமல் எடுத்து வரவும். இது பற்றி யாரிடமும் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
க. மலர்கொடி

*

பெரம்பலூர்
14.07.2025

மலர்கொடி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்குத்தான் எழுதுகிறேனா, வேறு யாருக்காவதா என்று எனக்கே தெரியவில்லை. வளர்மதியைத் தவிர யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று தபால்காரருக்குத் தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பத்தாம் தேதி போட்ட கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்த கடிதம். கீழே பேனாவில் உங்கள் கையெழுத்து, அதே ‘க’, அதே சாய்வு. நீங்கள் ஒரு நாளும் என்னைச் சகோதரி என்றதில்லை, அவர்களுக்கு என்றதில்லை. அதெல்லாம் கண்ணில் பட்டது. பட்டும் நம்பினேன். கையில் ஏதாவது காயமாக இருக்கும், ஜெராக்ஸ் கடையில் சொல்லி அடித்திருப்பீர்கள் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். சாட்சி சொல்லத் தயார் என்று ஒரு வரி இருந்ததே, அந்த வரிக்காக என்ன சொன்னாலும் நம்பியிருப்பேன்.

அரியலூரில் இறங்கி, தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கீழப்பழுவூரில் பஸ் நின்றபோது படிவரைக்கும் வந்துவிட்டேன். டீக்கடைக்கு அந்தப் பக்கம் கம்பெனி வேன் நின்றது. கண்ணையன் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழழகன். பின்னால் இரண்டு ஆள். ஜன்னல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் அக்கா, நீங்கள் இல்லை.

கண்டக்டர், “எறங்குறியாம்மா இல்லியா” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். திருமானூர் வரைக்கும் டிக்கெட் வாங்கி, இறங்கி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பாட்டி எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். 

நீங்களா எழுதினீர்கள்? நீங்கள்தான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். யாருக்குப் பயப்பட வேண்டும் என்றாவது எனக்குத் தெரியும்.

ஷைனி

*

உடையார்பாளையம்
17.07.2025

ஷைனி,

நான் எழுதவில்லை. அபிநயா மேல் ஆணையாக நான் எழுதவில்லை. அப்படி ஒரு கடுதாசி போனதே இப்போதுதான் தெரியும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் இவர் வேனை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து தட்டைத் தூக்கி எறிந்தார். குழம்பில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது.

விலாசம் எப்படிப் போனது என்று கேட்டாயே, தப்பு என்னுடையது. உன் இரண்டாவது கடுதாசியைக் கிழித்துப் போடாமல் உறையோடு பட்டுச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தேன். இவர் எடுத்துவிட்டார். ஏன் கிழிக்கவில்லை என்று நீ கேட்பாய். எனக்கு இதுவரைக்கும் யாரும் கடுதாசி எழுதியதில்லை ஷைனி. திட்டி எழுதியதாக இருந்தாலும் கிழிக்க மனசு வரவில்லை.

அபிநயாவிடம் போய்ச் சொன்னாயே, யாரைக் கேட்டுச் சொன்னாய்? அவள் அப்பாவைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? ராத்திரி பகலாகப் படிக்க வேண்டிய பிள்ளை. உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அவள் வளர்மதி போனுக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசினாள். ஒரே கேள்விதான் கேட்டாள். “அந்த ரூம்ல நான் இருந்திருந்தா நீ என்னம்மா செஞ்சிருப்ப?” நான் போனை வைத்துவிட்டேன். 

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அன்றைக்குக் கிளார்க் எத்தனை தனித் தாளில் கையெழுத்து வாங்கினார் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வரவில்லை. பத்தா, இருபதா. அதையெல்லாம் வைத்துக்கொண்டு என்னென்ன எழுதுவார்களோ. உனக்கு எழுதலாம், கலெக்டருக்கு எழுதலாம், நானே உன்னைத் திருடி என்று சொன்னதாக எழுதலாம். நான் செத்துப்போக முடிவு செய்தேன் என்றுகூட எழுதி அடியில் என் கையெழுத்தோடு வைக்கலாம். உன் கடுதாசியைப் படித்ததில் இருந்து எனக்கு இந்த நினைப்புத்தான். கிணற்றடிக்குத் தனியாகப் போவதில்லை.

அதனால் இனி என் கையெழுத்தைப் பார்த்து எதையும் நம்பாதே. என் முகத்தைப் பார்த்தால் மட்டும் நம்பு.

இருபத்திரண்டாம் தேதிக்கு எனக்கும் ஓலை வந்திருக்கிறது. இவரே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அங்கே வந்து என் வாயில் எது வரும் என்று எனக்கே தெரியாது, உனக்கு எப்படி வாக்குக் கொடுப்பேன்.

மலர்கொடி

*

பெரம்பலூர்
24.07.2025

அக்கா,

முகத்தைப் பார்த்தால் நம்பு என்று எழுதினீர்கள். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வராந்தாவில் நான் இந்தக் கோடி பெஞ்சு, நீங்கள் அந்தக் கோடி பெஞ்சு. கண்ணையன் அண்ணன் நடுவில் நின்று போன் பேசிக்கொண்டு இருந்தார். நீங்கள் தலையைத் தூக்கவே இல்லை. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தீர்கள். உங்களைத் தனியாகத்தான் விசாரிப்போம் என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நாற்பது நிமிஷம். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வெளியே வந்தீர்கள். என்னைத் தாண்டிப் போனீர்கள். அவர் பைக்கை எடுத்தார், பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பியதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. உள்ளே என்ன சொன்னீர்கள் என்று அங்கே கேட்டேன். அறிக்கை வரும் வரைக்கும் சொல்லக் கூடாதாம்.

நான் அன்றைக்குப் பஸ்ஸில் உங்களைக் கண்டபடி திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் அந்தச் சிரிப்பு திரும்பவும் நினைவுக்கு வந்தது. நீங்கள் அவர் சொன்னபடி சொல்லியிருந்தால் சரி, வீட்டில் பத்திரமாக இருப்பீர்கள். சொல்லாமல் இருந்திருந்தால், அது அவருக்குத் தெரியும்போது?

அதை நினைத்ததில் இருந்து திட்டுகிற எண்ணமே போய்விட்டது. என்ன சொன்னீர்கள் என்று இப்போது கேட்கவில்லை. நல்லபடி இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். வளர்மதி போனுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது அக்கா. எனக்காக இல்லை.

ஷைனி

*

உடையார்பாளையம்
31.07.2025

அன்புள்ள ஷைனிக்கு,

உயிரோடு இருக்கிறேன். வளர்மதி வீட்டில் இருக்கிறேன். நான் இங்கே வந்த அன்றைக்கே இவளுடைய போனை இவர் வந்து பிடுங்கி உடைத்துவிட்டுப் போனார், அதனால்தான் எடுக்கவில்லை. என் இடது மணிக்கட்டு அன்றைக்கு முதல் நாளே பிசகியிருந்தது, அதைத்தான் மறைத்தேன். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது. எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் பெண்கள். நோட்டைக் காட்டினார்கள். “இது உங்க கையெழுத்தாம்மா?” என்று ஒரு அம்மா கேட்டார்கள். ஆமாங்க என்றேன். “மேல இருக்கிற எழுத்து?” அது என்னுது இல்லீங்க என்றேன். அதுவரைக்கும் சுலபமாக இருந்தது. அப்புறம், “ஷைனிங்கிற பொண்ணு உங்ககிட்ட புகார் குடுத்தாளா?” என்று கேட்டார்கள்.

 மனப்பாடம் பண்ணியது எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. வராந்தாவில் இவர் இருமுகிற சத்தம் கேட்டது. அந்த இருமல் எனக்குத்தான், தெரியும். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “குடுத்தாங்க. நான்தான் வாங்கினேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. யார் கையில் கொடுத்தேன், அது யார் கைக்குப் போனது, டப்பாவில் பருப்புப் போட்டது இவர்தான் என்பது, வெறும் தாள், கீழப்பழுவூர் வேன், எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டில் நின்றபோது எழுந்து வராமல் தோல் உரித்ததையும் சொன்னேன். அதை அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே வந்து உன்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும். வழியில் வி.கைகாட்டியில் டீக் குடிக்க நிறுத்தி, “சொன்ன மாதிரி சொன்னியா?” என்று கேட்டார். “ஆமாங்க, சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன்” என்றேன். ஜாக்கெட் பொய்யை விட்டால், இருபத்தி நாலு வருடத்தில் இவரிடம் நான் சொன்ன முதல் பொய். அதனால்தான் அந்தச் சிரிப்பு. சனிக்கிழமை கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது, எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே, விசாரணைக்கு மறுநாளே, நான் துணிமணியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

சுகமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கம்பெனி கேட்டில் என்னை விடுவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அபிநயா தினமும் காலையில் வளர்மதியின் புதுப் போனுக்குக் கூப்பிடுகிறாள். ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமானால் நான் தெருவுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். வேன் சத்தம் கேட்டால் இருவரும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்காருகிறோம்.

நேற்று மத்தியானம் கொல்லைப் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். வளர்மதி அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திறந்தாள். கலைமணி நின்றாள். வேலை இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள், முந்திரி எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுப்பு. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “எனக்கும் அந்த ஸ்டாக் ரூம்தான்க்கா” என்றாள். ஷைனி போன பிறகு, போன மாதம், இந்த மாதம் என்றாள். யாரிடமும் சொல்லவில்லையாம். அவள் வீட்டுக்காரர் கொன்றுவிடுவாராம். “நீங்க தலைவரு இல்லியா, எழுதிக்குங்க” என்றாள்.

எனக்கு முதலில் போ என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தது. நிஜமாகச் சொல்கிறேன், கதவைச் சாத்தக்கூடக் கை வைத்தேன். திரும்ப அந்த வராந்தா, திரும்ப அந்த இருமல். கம்பெனியே என்னை வெளியே தள்ளிவிட்டது, நான் என்ன தலைவர் என்று கேட்டேன். அவள் போகவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல இரண்டு பக்கம். யார் கையிலும் கொடுக்கவில்லை, என்னிடமே இருக்கிறது. நாளைக்குக் காலை பத்து மணி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு அரியலூர் போகிறேன். இந்தக் கடுதாசி அதற்கு முன்னால் உனக்குக் கிடைக்காது. அதனால் இதில் இருப்பதை அபிநயாவிடம் போனில் சொல்லி, அவளை ஓடிவந்து உன்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உனக்குக் கடையில் லீவு கிடைக்காது. பெரம்பலூரில் இருந்து தனியாக வருவதும் ஆபத்து. நீ வர வேண்டியதில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

மலர்கொடி